திருமுருகன்பூண்டி வட்டாரத்தில் தனியார் மருத்துவக் காப்பீடு

திருமுருகன்பூண்டி, திருப்பூர் மாவட்டத்தில் திருப்பூருக்கும் அவிநாசிக்கும் இடையே அமைந்த நகராட்சி. சுந்தரர் பாடிய திருமுருகநாதர் கோயிலாலும் கற்சிற்பப் பட்டறைகளாலும் பெயர்பெற்ற ஊர். இன்று பனியன் தொழிலின் வளையத்துக்குள் இருக்கிறது. நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று துணி கைமாறும் இடமெல்லாம் ஆட்கள் வேலை செய்கிறார்கள். பெரும்பாலோருக்குச் சம்பளம் சனிக்கிழமைதான். இப்படி வாரக் கூலியில் ஓடும் குடும்பம், ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டும் மருத்துவக் காப்பீட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பின்னணி

இந்தியாவில் தனிநபர் மருத்துவக் காப்பீடு 1986இல் பொதுத்துறை நிறுவனங்களின் 'மெடிக்ளெய்ம்' பாலிசியாகத் தொடங்கியது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் இத்துறையைத் தனியாருக்குத் திறந்தது. மருத்துவக் காப்பீட்டுக்கென்றே நாட்டில் முதலில் தொடங்கப்பட்ட நிறுவனமான ஸ்டார் ஹெல்த், 2006இல் சென்னையில் உருவானது. 2009 ஜூலை 23 அன்று தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தியதும் அதே நிறுவனம்தான். தமிழ்நாட்டின் பல ஏழைக் குடும்பங்கள் காப்பீட்டு அட்டையை முதன்முதலில் கையில் வாங்கியது அப்போதுதான். 2012 ஜனவரி 11 முதல் அதன் இடத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடக்கிறது.

கையில் ஏற்கெனவே இருப்பது

பூண்டியில் ஒருவர் பாலிசி வாங்கும் முன் பார்க்க வேண்டியது ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) அட்டை. பத்துப் பேருக்குக் குறையாத தொழிற்சாலையில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ள எல்லாரும் இதில் வருவார்கள். பீஸ் ரேட்டில் தைப்பவரும் வருவார். தொழிலாளியிடம் பிடிப்பது சம்பளத்தில் 0.75 விழுக்காடு, முதலாளி கட்டுவது 3.25 விழுக்காடு. குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். சந்தையில் விற்கும் சாதாரண மருத்துவ பாலிசி எதுவும் இப்படிக் கூலியை ஈடுகட்டாது. பிடித்தம் நடந்தும் பணம் கட்டப்படாமல் இருக்கலாம் என்பதால், தன் எண்ணில் மாதாமாதம் வரவு ஏறுகிறதா என்று தொழிலாளி பார்த்துக்கொள்வது நல்லது. திருப்பூருக்கான 100 படுக்கை ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு 2019 பிப்ரவரி 10 அன்று பெருமாநல்லூரில் நடந்த விழாவில் பிரதமர் அடிக்கல் நாட்டினார்.

'ஒன்றரை ஷிப்ட்' பார்க்கும் ஊர் இது. ஓவர்டைம் சேர்ந்து சம்பளம் 21,000ஐத் தாண்டிவிட்டால் ஈ.எஸ்.ஐ. போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. வரம்பைக் கணக்கிடும்போது ஓவர்டைம் தொகை சேராது.

முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. மாதக் கணக்கில் இந்த வரம்பு 10,000 ரூபாய்தான். முழு வாரமும் வேலைக்குப் போகும் ஒரு டைலரின் வீட்டில் இந்த வரம்பு எளிதில் தாண்டிவிடும். பீகார், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்களிடம் சொந்த ஊரில் எடுத்த ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் காப்பீட்டு அட்டை இருந்தால், அத்திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் இங்கேயும் அது செல்லும். சாலை விபத்துக்கு இவை எதுவும் இல்லாவிட்டாலும், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணிநேரச் சிகிச்சை இலவசம்.

இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால் தனியார் காப்பீடு உண்மையில் தேவைப்படுவோர் யார் என்பது தெரியும். நான்கைந்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பவரும் அவரிடம் வேலை செய்பவரும், 21,000க்கு மேல் வாங்கும் சூப்பர்வைசரும் மெர்ச்சண்டைசரும், சொந்தமாக உளி பிடிக்கும் சிற்பியும், கடைக்காரரும்தான். ஊருக்குத் தொழிலாளி என்றும் முதலாளி என்றும் பிரித்துச் சொல்ல முடியாத இந்த நடுவரிசைக்கு அரசு ஏற்பாடு எதுவும் முழுதாகப் பொருந்துவதில்லை.

அறை வாடகை வரம்பு

மலிவான பாலிசிகளில் மலிவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் அறை வாடகை வரம்பில்தான். ஓர் எடுத்துக்காட்டு: காப்பீட்டுத் தொகை 3 லட்சம், அறை வாடகை அதில் 1 விழுக்காடு, அதாவது நாளுக்கு 3,000 ரூபாய். நோயாளி 6,000 ரூபாய் அறையில் நான்கு நாள் தங்குகிறார். பில் 1,60,000 ரூபாய்; அதில் அறை 24,000, மருத்துவர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் கட்டணம் 80,000, மருந்து, உள்ளே பொருத்தும் கருவி, பரிசோதனை 56,000. அறைக்குப் பாதிதான் கிடைக்கும் என்பது எதிர்பார்த்ததே. ஆனால் அதே விகிதத்தில் மருத்துவர், தியேட்டர் கட்டணமும் பாதியாகிவிடும். மருந்துக்கும் கருவிக்கும் பரிசோதனைக்கும் இந்த வெட்டு கூடாது என்பது விதி. ஆக நிறுவனம் தருவது 1,08,000, கையிலிருந்து போவது 52,000. 3 லட்சத்துக்கு பாலிசி வைத்திருந்தும் நிலை இதுதான். கையுறை போன்ற சில்லறைச் சாமான்களுக்குப் பல பாலிசிகள் பணம் தருவதில்லை என்பது தனி. அறைக்கு ஏற்பக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையில் இந்த விகித வெட்டு செல்லாது.

குறைந்த பிரீமியத்தில் வாங்குவோருக்கு ஓர் அளவுகோலாக உதவுவது 'ஆரோக்கிய சஞ்சீவினி'. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்த இந்த பாலிசியின் விதிகள் எல்லா நிறுவனத்திலும் ஒன்றே. அறைக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, உச்சம் 5,000 ரூபாய். ஒவ்வொரு கிளெய்மிலும் 5 விழுக்காடு நாம் கட்ட வேண்டும். சரக்கு ஒன்றே என்பதால் விலையை நேருக்கு நேர் ஒப்பிடலாம். ஏஜென்ட் வேறு பாலிசியைக் காட்டினால், இதைவிட அது எதில் கூடுதல், எதில் குறைவு என்று கேட்டாலே போதும், பேச்சு நேராகிவிடும்.

காத்திருப்பும் மறைத்தலும்

பாலிசி எடுத்த முதல் 30 நாள், விபத்து தவிர வேறெதற்கும் பணம் வராது. கண்புரை, குடலிறக்கம் போன்றவற்றுக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு 2024 விதிகளின்படி 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பதை விண்ணப்பத்தில் எழுத வேண்டாம் என்று சொல்லும் ஏஜென்டை நம்பக் கூடாது. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் காலத்தில் அந்த நோய்க்குப் பதிவு இருக்கும். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிய பிறகு, மோசடி என்று நிரூபித்தால் தவிர, மறைத்ததைக் காட்டி நிறுவனம் மறுக்க முடியாது. அதற்கு முன் மறுக்கலாம். விண்ணப்பத்தைத் தானே படித்து, அல்லது படித்துக் காட்டச் சொல்லி, பிறகு கையெழுத்திடுவதே முறை.

பிரீமியம்

தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு இருந்த 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கிவிட்டது. கம்பெனி எடுக்கும் குழு பாலிசிக்கு அது நீங்கவில்லை. குழு பாலிசிக்கு இன்னொரு குறையும் உண்டு, வேலையை விட்டால் அதுவும் போய்விடும். ஆள் அடிக்கடி கம்பெனி மாறும் ஊரில் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

குடும்ப பாலிசியின் விலையை மூத்தவரின் வயதே முடிவு செய்கிறது. அறுபதைத் தாண்டிய பெற்றோரை அதே பாலிசியில் சேர்த்தால் எல்லாருக்குமான கட்டணமும் ஏறும். அவர்களுக்குத் தனியாக எடுப்பதே சிக்கனம். டாப்-அப் வகை விலை குறைவு. ஆனால் குறிப்பிட்ட தொகைக்கு மேலான செலவுக்குத்தான் அது கைகொடுக்கும், கீழ்ப்பகுதிக்கு வேறு பாலிசியோ ரொக்கமோ வேண்டும். கோவை அவிநாசி சாலை மருத்துவமனைகளுக்குப் போக நேரும் என்பதால், பெரிய ஊரில் சிகிச்சை பெற்றால் ஒரு பங்கைப் பிடிக்கும் மண்டல பாலிசிகள் இவ்வூருக்கு ஏற்றவையல்ல.

மாதத் தவணை வசதி உண்டு. தவறினால் 15 நாள் அவகாசம், ஆண்டுக் கட்டணத்துக்கு 30 நாள். அவகாசமும் தாண்டினால் கழித்த காத்திருப்புக் காலம் வீணாகும். தீபாவளி போனஸ் கையில் வரும் வாரத்தில் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிவிடுவது திருப்பூர்க் கணக்குக்கு ஒத்து வரும்.

குறைதீர்ப்பு

பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்கலாம். நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகப் பணம் தரும் கேஷ்லெஸ் அனுமதிக்கு ஒரு மணிநேரத்திலும், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு மூன்று மணிநேரத்திலும் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். ஆணையத்தின் இலவச எண் 155255. நிறுவனம் கைவிரித்தால் ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிப்பார். அதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.