ஐந்து குரல்களும் ஒரு ரயிலும்

(நேரலை நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கனடிய இலக்கியம் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள். நான் புத்தகத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு வானொலியைப் பற்றிப் பேசப்போகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரொறன்ரோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எனக்குச் சனிக்கிழமைகளில் பெட்டி அடுக்கும் வேலை. அங்கிருந்த சின்ன றேடியோ எப்போதும் பொது வானொலியான சி.பி.சி.யிலேயே நிற்கும். மதியத்தில் ‘குவேர்க்ஸ் அன்ட் குவார்க்ஸ்’ என்ற ஒரு மணி நேர அறிவியல் நிகழ்ச்சி வரும். 1975இல் டேவிட் சுசுகியை அறிவிப்பாளராகக் கொண்டு தொடங்கியது. பாதிதான் விளங்கும். ஆனால் ஆராய்ச்சி செய்தவரே வந்து, அவசரமில்லாமல் தன் வேலையைச் சொல்வார். என் ஆங்கிலம் அந்த மேசையில்தான் வளர்ந்தது.

அதே வானொலியின் இன்னொரு நிகழ்ச்சி ‘ஐடியாஸ்’. 1965இல் தொடங்கியது. வரலாறு, தத்துவம், இசை எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. 1967ஆம் ஆண்டின் கடைசியில் சி.பி.சி.யின் மாசி உரைகளை மார்ட்டின் லூதர் கிங் நிகழ்த்தினார். சில மாதங்களில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 28ஆம் திகதி ஒலிபரப்பான ‘வடக்கு என்னும் எண்ணம்’ என்ற ஒரு மணி நேர விவரணத்தைப் பற்றித்தான் இன்று சொல்ல வந்தேன்.

செய்தவர் பியானோக் கலைஞர் கிளென் கூல்ட், ரொறன்ரோக்காரர். 1955இல் பதிவு செய்த பாக்கின் கோல்ட்பேர்க் இசைத்தட்டால் உலகப் புகழ் பெற்றவர், 1964இல் 31 வயதில் மேடையை விட்டுவிட்டார். அதன்பிறகு ஒலிப்பதிவுக் கூடம்தான் அவருடைய வீடு.

வடக்கில் வாழ்ந்த அல்லது வேலை செய்த ஐந்து பேர்: ஒரு தாதி, ஒரு நில அளவையாளர், ஓர் அரச அதிகாரி, இரண்டு ஆய்வாளர்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியே பேட்டி கண்டார். பிறகு ஒலிநாடாவை வெட்டி ஒட்டி, வினிபெக்கிலிருந்து ஹட்சன் குடாக்கரையின் சேர்ச்சிலுக்கு, ஏறக்குறைய 1,700 கிலோமீற்றர் போகும் ரயிலில் எல்லோரும் ஒன்றாகப் பயணம் செய்வதுபோல் ஆக்கிவிட்டார்.

தொடக்கத்தில் தாதி பேசுகிறார். அவர் முடிக்குமுன் இன்னொரு குரல் மேலே ஏறுகிறது. பிறகு மூன்றாவது. மேலைச் சங்கீதத்தில் இரண்டு மூன்று மெட்டுகள் ஒரே நேரத்தில் ஓடுமல்லவா, அதைப் பேச்சில் செய்து பார்த்தார். அடியில் ரயிலின் ஓசை, நம் நாதஸ்வரத்துக்கு ஒத்துப் பிடிப்பதுபோல. முதல் தடவை கேட்பவருக்கு எரிச்சல்தான் வரும், எனக்கும் வந்தது. இரண்டாவது தடவை ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு போனேன். மற்றவை விலகி வழிவிட்டன. முடிவில் அளவையாளர் மட்டும் பேச, பின்னால் சிபீலியஸின் ஐந்தாவது சிம்பொனி எழும்புகிறது. அந்த இடத்தில் நான் அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை. தனிமையைப் பற்றிய பேச்சு அது, நானும் புதிதாக வந்தவன்.

பல வருடங்கள் கழித்துத்தான் உறைத்தது. அந்த ஐந்து பேரில் ஒருவர்கூட இனுயிற் இல்லை. வடக்கு யாருடைய ஊரோ, அவர்கள் ரயிலில் ஏறவேயில்லை. 1953இல் கியூபெக்கின் வடபகுதியிலிருந்த இனுயிற் குடும்பங்களை அரசு பெயர்த்து, சுமார் 2,000 கிலோமீற்றருக்கு அப்பால், மாதக்கணக்கில் சூரியனே எழாத உறைபனித் தீவுகளில் கொண்டுபோய் விட்டது. மன்னிப்புக் கேட்டது 2010இல். இடம்பெயர்ந்து வந்த எனக்கே அந்தக் குறை காதில் விழவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. கூல்டின் கலையில் எனக்கு இன்னும் மயக்கம் உண்டு. அதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது.

போன மாதம் அம்மாவையும் சின்னம்மாவையும் மாமாவையும் இருத்தி, 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட இரவைப் பதிவு செய்தேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மழை எப்போது தொடங்கியது, நாவற்குழிப் பாலத்தில் எவ்வளவு நேரம் நின்றோம், எல்லாவற்றிலும் தகராறு. மகன் கேட்டுவிட்டு, “அப்பா, ஆளுக்கு ஆள் திரும்பவும் தனித்தனியா எடுப்பமா?” என்றான். வேண்டாம் என்றேன். 47 நிமிடக் கோப்பு அது, இன்னும் ஓரிடமும் வெட்டவில்லை.