மின்பதிவுச் சான்றிதழ்
மின்பதிவுச் சான்றிதழ் என்பது கணினி, செல்பேசி முதலியவற்றில் உள்ள பதிவின் நகலை இந்திய நீதிமன்றங்களில் சான்றாக முன்வைக்கும்போது உடன் அளிக்கவேண்டிய, கையொப்பமிட்ட ஆவணமாகும். அரசுத் தரப்பு வழக்குகளில் கணினிப் பொறுப்பாளர்களும் தடய அறிவியல் வல்லுநர்களும் செய்யும் முக்கியப் பணிகளுள் இதுவும் ஒன்று.

தேவை

மின்பதிவைச் சுவடு தெரியாமல் திருத்த இயலும். எனவே நகலெடுக்கும்போதே அதன் ஹாஷ் மதிப்பு கணிக்கப்படுகின்றது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இம்மதிப்பு மாறிவிடும். எஸ்.எச்.ஏ-256 என்பது இதற்கான வழிமுறைகளுள் ஒன்று.

வரலாறு

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 வாயிலாக இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவு சேர்க்கப்பட்டது. 2001 நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில், சான்றிதழ் இல்லாத தொலைபேசி அழைப்புப் பதிவுகளை உச்ச நீதிமன்றம் 2005இல் ஏற்றது. 2014இல் அன்வர் எதிர் பஷீர் என்ற தேர்தல் வழக்கில் இந்நிலைப்பாடு மாற்றப்பட்டது. சான்றிதழின்றி அளிக்கப்பட்ட குறுந்தகடுகள் ஏற்கப்படவில்லை. நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்பதை 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கு உறுதி செய்தது. எனினும் மூலக்கருவியையே அதன் உரிமையாளர் சாட்சிக்கூண்டில் நின்று மெய்ப்பித்தால் சான்றிதழ் தேவையில்லை.

தற்போதைய நிலை

2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு இதனை வரையறுக்கின்றது. சான்றிதழின் முதற்பகுதியைப் பதிவை அளிப்பவரும், இரண்டாம் பகுதியை வல்லுநரும் நிரப்பவேண்டும். இரண்டிலும் ஹாஷ் மதிப்பு குறிக்கப்படவேண்டும். ஆகவே, உண்மையான பதிவாயினும், உரிய சான்றிதழ் இல்லையெனில் அதன் நகல் வழக்கில் பயனற்றுப் போகக்கூடும்.