கலைந்த அரங்கும் கலையாத குரலும்

செல்வத்தின் நிலையாமையை உணர்த்த வந்த வள்ளுவர், கூத்தரங்கில் கூடிக் கலையும் கூட்டத்தை அதற்கு உவமையாகக் காட்டினார். சிறிது சிறிதாகச் சேர்ந்த அவை, கூத்து முடிந்ததும் ஒருசேரக் கலைந்துவிடுகிறது. அவைக்கு மட்டுமன்றிக் கூத்துக்கும் இந்நிலையாமை உரியதே. ஓவியம் சுவரில் நிற்கும். சிற்பம் கல்லில் நிற்கும். காவியம் ஏட்டில் நிற்கும். நாடகமோ நடிக்கப்படும் பொழுதில் மட்டுமே உயிர் வாழ்கிறது. திரை விழுந்தபின் எஞ்சுவது பார்த்தவர் நினைவு ஒன்றே.

இவ்விழப்பிலிருந்து இசை நாடகத்தை ஓரளவேனும் மீட்டுத் தந்தது இசைத்தட்டு. நாடகத்தை முதன்முதலில் மேடையேற்றிய நடிகர்களையே பாடச் செய்து, பாடல்களைத் தொகுப்பாகப் பதிவுசெய்யும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது 1943ஆம் ஆண்டில். அவ்வாண்டு டெக்கா நிறுவனம் ‘ஓக்லஹோமா!’ நாடகப் பாடல்களை ஆறு தட்டுகளில் வெளியிட்டுப் பெரும் வெற்றி கண்டது. நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற அத்தட்டுகளின் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிட இசையே அடங்கும். 1948இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் நெடுநேர இசைத்தட்டை அறிமுகப்படுத்தியபின், ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்கும் மேலான இசை இடம்பெற்றது. ஒரு நாடகத்தின் பாடல்கள் ஒரே தட்டில் அடங்கும் காலம் பிறந்தது. அக்காலத்தின் தலையாய விளைச்சல் என ‘மை ஃபேர் லேடி’ நாடகத்தின் 1956ஆம் ஆண்டு இசைத்தட்டைக் கூறலாம்.

காதுக்குரிய கதை

பெர்னாட் ஷா எழுதிய ‘பிக்மேலியன்’ என்னும் நாடகமே இதன் மூலம். இலண்டன் தெருவில் பூ விற்கும் ஏழைப் பெண் எலைசா. ஒலியியல் பேராசிரியர் ஹிக்கின்ஸ் அவளுடைய கொச்சைப் பேச்சைக் கேட்கிறார். அதைத் திருத்திவிட்டால் அவளை உயர்குடிப் பெண்ணாகவே உலகம் நம்பும் என்று பந்தயம் கட்டுகிறார். மனிதரை உயர்த்துவதும் தாழ்த்துவதும் பிறப்பா, பேச்சா என்பதே கதையின் உயிர்நாடி.

ஷா உயிரோடிருந்தவரை இந்நாடகத்தை இசை நாடகமாக்க இசையவில்லை. 1950இல் அவர் மறைந்தபின் ஆலன் ஜே லெர்னர் உரையாடலும் பாடலும் எழுத, ஃபிரெடரிக் லோ இசையமைத்தார். ஹிக்கின்ஸாக ரெக்ஸ் ஹாரிசனும், எலைசாவாக ஜூலி ஆண்ட்ரூசும், அவள் தந்தையாக ஸ்டான்லி ஹாலோவேயும் நடித்தனர். மேடையேற்றத்திற்கான முதலீட்டைக் கொலம்பியாவின் தாய் நிறுவனமான சி.பி.எஸ். ஏற்றது. அதற்கு வழிவகுத்தவர் கொலம்பியாவின் காடர்ட் லீபர்சன். இசைத்தட்டுக்கும் நாடகத்திற்கும் உள்ள உறவு இவ்வாறு தொடக்கத்திலேயே முடிபோடப்பட்டது.

பேச்சின் மாற்றமே கதையாதலால், அதன் முதன்மையான நிகழ்ச்சிகள் கண்ணுக்கு முன்பே காதுக்குப் புலனாகின்றன. தட்டின் தொடக்கத்தில் கொச்சைமொழியில் ஏக்கத்தைப் பாடும் பெண்ணும், இறுதியில் ஆசிரியரின் துணை தனக்குத் தேவையில்லை எனத் தெளிந்த மொழியில் பாடும் பெண்ணும் ஒருத்தியே. அவளுடைய உடையும் நடையும் எவ்வாறு மாறின என்பதைத் தட்டு காட்டாது. எனினும் அவள் மாறினாள் என்பதைக் கேட்பவர் ஐயமின்றி உணர்வர். ஹாரிசனோ பண்பட்ட பாட்டுக் குரல் வாய்க்காதவர். தாளத்தோடு இசையப் பேசியே பாடல்களை நடத்திச் சென்றார். பேசும் ஆசிரியரும் பாடும் மாணவியும் என அமைந்த இம்முரணே தட்டுக்குத் தனிச்சுவை தருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஒத்திகையின்போது இருபது வயதே நிரம்பிய ஆண்ட்ரூஸ் எலைசாவின் உள்ளத்தைப் பிடிக்க இயலாமல் தவித்தார். இயக்குநர் மாஸ் ஹார்ட் மற்றவர்களை விலக்கிவிட்டு, ஒரு வார இறுதியின் இரண்டு நாள்களை அவருக்கு மட்டும் ஒதுக்கி வரி வரியாகப் பயிற்சி அளித்தார். பூக்காரிக்கு ஹிக்கின்ஸ் செய்ததை நடிகைக்கு ஹார்ட் செய்தார்.

1956 மார்ச் 15இல் நியூயார்க்கின் மார்க் ஹெலிங்கர் அரங்கில் நாடகம் அரங்கேறியது. பத்து நாள் கழித்து, மார்ச் 25 ஞாயிறன்று, ஃபிரான்ஸ் ஆலர்ஸ் இசைக்குழுவை வழிநடத்த, பாடல்கள் ஒரே நாளில் பதிவாயின. பதிவு நடந்த இடம் முப்பதாம் தெருவில் இருந்த கொலம்பியாவின் ஒலிப்பதிவுக் கூடம். முன்னர்த் தேவாலயமாக இருந்த அக்கட்டடத்தின் உயர்ந்த கூரை, ஒலிக்கு ஓர் இயல்பான விரிவைத் தந்தது.

வெளிவந்த தட்டு அமெரிக்காவில் விற்பனை வரிசையின் முதலிடத்தை எட்டியது. 480 வாரங்கள், அதாவது ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அவ்வரிசையில் இடம்பெற்றது. நாடகம் 2,717 முறை நடிக்கப்பெற்று 1962 செப்டம்பரில் நிறைவுற்றது. நியூயார்க்குக்கு ஒருநாளும் செல்லாதவர்களின் இல்லங்களில் தட்டு தொடர்ந்து சுழன்றுகொண்டிருந்தது.

இரண்டாம் பதிவு

முதற்பதிவின் சிறப்பை அளந்தறிய வரலாறே ஓர் உரைகல்லைத் தந்திருக்கிறது. 1958இல் நாடகம் இலண்டனின் டுரூரி லேன் அரங்கிற்குச் சென்றது. முதல் தட்டு ஒற்றை வழி ஒலியில் பதிவானது. அதன்பின் இரட்டை வழி ஸ்டீரியோ ஒலி பரவியது. ஆகவே 1959இல் ஹாரிசனும் ஆண்ட்ரூசும் ஹாலோவேயும் அதே பாடல்களை இலண்டனில் ஸ்டீரியோவில் மீண்டும் பாடினர். கருவி மேம்பட்டிருந்தது, நடிகர்களின் பழக்கமும் முதிர்ந்திருந்தது. எனினும் திறனாய்வாளர் பலர் முதல் தட்டையே உயர்த்திப் போற்றுகின்றனர். பழகிப்போன பாத்திரத்தில் முதிர்ச்சி இருக்கும்; புதிதாய்ப் பெற்ற வெற்றியின் துடிப்பு இராது. அரங்கேறிப் பத்தே நாளான குழுவின் வியப்பும் வேகமும் 1956ஆம் ஆண்டுத் தட்டில் உறைந்துள்ளன. நுட்பத்தின் குறையை உயிர்ப்பு ஈடுசெய்தது.

திரைப்படம் மறுத்ததும் தட்டு காத்ததும்

1964இல் நாடகம் திரைப்படமாயிற்று. திரையுலகில் அறிமுகமில்லாதவர் என்னும் காரணத்தால் ஆண்ட்ரூசுக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டது. ஆட்ரி ஹெப்பர்ன் எலைசாவாக நடித்தார். அவருக்காகப் பெரும்பாலும் பின்னணியில் பாடியவர் மார்னி நிக்சன். படம் எட்டு ஆஸ்கார் விருதுகளை வென்றது. அதே ஆண்டில் வெளிவந்த ‘மேரி பாப்பின்ஸ்’ படத்திற்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதை ஆண்ட்ரூஸ் பெற்றார். விருது அவர் மனத்தை ஆற்றியிருக்கலாம். ஆனால், எலைசாவின் பாடல்களை முதன்முதலில் மேடையில் உயிர்ப்பித்த குரல் அந்தப் படத்தில் இல்லை. அக்குரலை நாடிய கேட்போர் பழைய இசைத்தட்டையே தேடிச் செல்ல வேண்டியதாயிற்று.

காலம் மேலும் பலவற்றைக் கொண்டுபோயிற்று. 1997இல் நடந்த குரல்நாண் அறுவை சிகிச்சைக்குப்பின் ஆண்ட்ரூஸ் தம் பாட்டுக் குரலை இழந்தார். தேவாலயமாக இருந்து ஒலிப்பதிவுக் கூடமாக மாறிய கட்டடம் 1981இல் பதிவுப் பணியை நிறுத்தியது, பின்னர் இடிக்கப்பட்டது. நாடகம் அரங்கேறிய மார்க் ஹெலிங்கர் அரங்கமோ 1989 முதல் தேவாலயமாகிவிட்டது. லெர்னர் 1986இலும், லோ 1988இலும், ஹாரிசன் 1990இலும் மறைந்தனர். பாடிய கூடமும் இல்லை. ஆடிய அரங்கும் அரங்காக இல்லை. பாடியவருக்கே அந்தக் குரல் இல்லை. தட்டில் மட்டும் இருபது வயது எலைசா ஒவ்வொரு முறையும் புதிதாகத் தன் ஏக்கத்தைப் பாடுகிறாள்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், நாட்டின் மரபுச் செல்வமாகக் காக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகளின் 2007ஆம் ஆண்டுப் பட்டியலில் இத்தட்டைச் சேர்த்துள்ளது. அம்மதிப்பு நெடுநாள் விற்பனைக்காக மட்டும் வழங்கப்பட்டதன்று. கூத்து முடிந்து அவை கலைவது இயற்கை. கலையுமுன் அதன் உயிரைப் பிடித்து வைக்க ஒருவர் முன்வருவதே அரிது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒலிவாங்கியின் முன் நின்றவர்களுக்குத் தாங்கள் காலத்தை வெல்லப்போகிறோம் என்னும் எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. கற்றதை நன்றாகப் பாடினார்கள், அது நிலைத்தது.