பவுல்: கிண்ணம் ஆட்டமான கதை

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், பருவம் முடிந்தபின் தேர்ந்த அணிகள் மோதும் ஆட்டத்துக்குப் ‘பவுல்’ என்று பெயர். கோப்பைக்கான ஆட்டம் என்பதால் வந்த பெயர் என்று நினைக்கத் தோன்றும். அது சரியல்ல. இங்கே கிண்ணம் என்பது பரிசல்ல, மைதானம்.

‘பவுல்’ என்றால் கிண்ணம். பழைய ஆங்கிலத்தில் ‘போல்லா’. 1914இல் யேல் பல்கலைக்கழகம் நிலத்தைக் குழித்து, தோண்டிய மண்ணைச் சுற்றிலும் கரையாக உயர்த்தி ஓர் அரங்கம் அமைத்தது. உருவத்தைப் பார்த்து ‘யேல் பவுல்’ என்றார்கள். அதை முன்மாதிரியாகக் கொண்டு கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் 1922இல் எழுந்தது ‘ரோஸ் பவுல்’. ஊரின் புத்தாண்டு ரோஜா விழா தந்தது முன்சொல்.

அந்த விழாவின் முதல் கால்பந்து ஆட்டம் 1902இலேயே நடந்துவிட்டது. மிச்சிகன் 49, ஸ்டான்ஃபோர்டு 0. அப்போது ‘பவுல்’ என்ற பேச்சே இல்லை. 1923 முதல் புது அரங்கில் ஆடத் தொடங்கியதும், இடத்தின் பெயர் ஆட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. நம் இலக்கணம் இதை இடவாகுபெயர் என்னும்.

பிறகு இடத்தை உதறிவிட்டுப் பெயர் மட்டும் பயணம் போனது. 1935இல் மயாமியில் ஆரஞ்சு பவுல், நியூ ஆர்லியன்ஸில் சுகர் பவுல். 1937இல் டல்லஸில் காட்டன் பவுல். அந்தந்த வட்டாரத்தின் விளைச்சலே அடைமொழி.

கிரிக்கெட்டின் ‘பவுலிங்’ இதற்கு உறவல்ல. அது உருண்டையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது.