துக்கா: ஒரு பொடியின் பூர்வீகம்

"மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒண்ணு கொடுடா" என்று மலர்க்குழு நண்பன் கேட்டபோது, மெக்கானிக்கல் படிச்சவனுக்கு வரலாறு எங்கே தெரியும் என்று நழுவப் பார்த்தேன். "ரெண்டு வருஷம் எகிப்துல இருந்தியே, பிரமிடு பத்தி எழுது" என்றான். பிரமிடைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது ஒரு பொடியைப் பற்றி. பெயர், துக்கா. (யாரும் துக்கம் விசாரிக்க வந்துவிட வேண்டாம்!)

வறுத்த எள், கொத்தமல்லி விதை, சீரகம், உப்பு, மிளகு, கூடவே ஏதாவது ஒரு கொட்டைப் பருப்பு. ரொட்டியைப் பிய்த்து எண்ணெயில் தொட்டு, அப்புறம் இதில் தொட்டு வாயில் போட வேண்டியதுதான். விடுதியில் வீட்டுப் பொடி டப்பாவைப் பூட்டி வைத்துச் சாப்பிட்ட நம்மவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கெய்ரோவில் வேலையாக இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை நானே செய்து பார்த்தேன். விலை அதிகமானாலும் பரவாயில்லை என்று ஹேசல்நட் வாங்கி வறுத்து, எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு ஒரே ஓட்டு. வந்தது பொடி அல்ல, கியர்பாக்ஸுக்குப் போடுகிற கிரீஸ்! எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "பாஷ்மொஹந்திஸ்," என்றார். அங்கே எஞ்சினியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், நம்ம ஊர் 'சாரை' விட ஒரு படி உசத்தி. "பேரிலேயே சொல்லியிருக்கே, கவனிக்கலையா?"

அரபியில் 'தக்க' என்றால் இடித்தான் என்று பொருள். துக்கா என்றால் இடித்தது. அதில் என்ன போட்டார்கள் என்று பெயர் சொல்லவில்லை. என்ன செய்தார்கள் என்று மட்டும் சொல்கிறது. கொட்டைப் பருப்பை வேகமாக அரைத்தால் எண்ணெய் கக்கிவிடும். உரலில் இடித்தால் உதிரியாகவே நிற்கும். நாலு வருஷம் எஞ்சினியரிங் படித்தவனுக்கு இது தோன்றவில்லை!

அவர் தன் வீட்டுப் பொடியைக் கொஞ்சம் கொடுத்தார். அதில் ஹேசல்நட்டே இல்லை. கொண்டைக்கடலைதான். "அதெல்லாம் வசதியானவங்க போடறது" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என்னைப் புத்தகங்களைப் புரட்ட வைத்தது.

1836-ல் எட்வர்ட் வில்லியம் லேன் என்ற ஆங்கிலேயர் எகிப்தியரின் அன்றாட வாழ்க்கை பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். கெய்ரோவில் உள்ளூர்க்காரர் போலவே உடுத்தி, பேசி, வாழ்ந்தவர். வசதியான சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் ரொட்டியையும் துக்காவையும் கொண்டே ஒரு வேளையை முடிப்பதுண்டு என்று எழுதுகிறார். உப்பு, மிளகு, கூடவே காட்டு ஓமவகை இலையோ புதினாவோ சீரகமோ. முடிந்தால் கொத்தமல்லி, பட்டை, எள், கொண்டைக்கடலை. இவ்வளவுதான் அவர் பட்டியல். கொட்டைப் பருப்பு ஒன்றுகூட இல்லை!

அப்படியானால் இன்று உலகம் முழுக்க 'நட்ஸ் மசாலா' என்று பாட்டிலில் விற்பது? ஹேசல்நட் துருக்கியில் கொழிக்கும் பயிர், எகிப்து மண்ணுக்குரியதல்ல. கெய்ரோவில் 1936-ல் பிறந்த கிளாடியா ரோடன், 1956 சூயஸ் போருக்குப் பின் சிதறிப்போன எகிப்திய யூதக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். உறவினர்களிடம் கேட்டுக் கேட்டுச் சமையல் குறிப்புகளைச் சேர்த்து, 1968-ல் மத்திய கிழக்குச் சமையல் நூலை வெளியிட்டார். துக்கா மேல்நாட்டுச் சமையலறைகளுக்குப் போனதில் அந்த நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் ஹேசல்நட் இருக்கிறது. அதுவும் ஒரு வீட்டின் உண்மையான வழக்கம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அதுதான் 'அசல்' என்று லேபிள் ஒட்டும்போது, எதிர்வீட்டு அம்மாளின் பொடி என்ன போலியா?

'பரோவா காலத்துப் பொடி' என்று விளம்பரம் செய்கிறவர்களும் உண்டு. துத்தன்காமன் கல்லறையில் கொத்தமல்லி விதை கிடைத்தது நிஜம். விதை கிடைத்தால் துக்கா கிடைத்ததாகிவிடுமா? சிமெண்ட் மூட்டை கிடைத்தால் பாலம் கிடைத்த மாதிரிதான்! லேன் பட்டியலிலுள்ள மிளகின் கதை இதைவிடச் சுவை. செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தில், கோயில் தரையில் புதைத்திருந்த ஒரு ஜாடியில் 7.5 கிலோ கருமிளகு கிடைத்தது. சுமார் 2000 ஆண்டுப் பழசு. மிளகு மட்டுமல்ல, ஜாடியும் நம் இந்தியாவில் செய்தது. அதே பெரெனிகேயில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடும் கிடைத்திருக்கிறது.

சரி, செய்முறை. எள் 200 கிராம், கொத்தமல்லி விதை 100, சீரகம் 50, கொண்டைக்கடலையோ ஹேசல்நட்டோ 50. தனித்தனியாக வறுக்க வேண்டும். எள் சீக்கிரம் கருகும், சேர்த்து வறுத்தால் கதை கந்தல். கொண்டைக்கடலைக்குப் பதில் நம்ம பொட்டுக்கடலை கச்சிதம். நன்றாக ஆறிய பிறகு உப்பு, மிளகு சேர்த்து இடிக்க வேண்டும். அந்த அம்மாள் வீட்டில் இதற்கென்று 'ஹோன்' என்ற பித்தளை உரல் இருந்தது. குழந்தை பிறந்த ஏழாம் நாள் சடங்கில், குழந்தை பக்கத்தில் இதே உரலைத்தான் ணங் ணங்கென்று தட்டுவார்களாம், உலகத்துச் சத்தம் பழகட்டும் என்று.

ஊர் திரும்பும்போது கான் எல் கலீலி கடைத்தெருவில் அப்படி ஒன்று வாங்கி வந்தேன். சந்திப்பு நாளன்று அதில் இடித்த பொடி ஒரு டப்பா கொண்டு வருகிறேன். ரொட்டி நம்ம மெஸ் பொறுப்பு!