கிச்சன் டிராயருக்கு ஸ்டீல் லுக்: ஸ்டிக்கர், மைக்கா, அசல் எவர்சில்வர்… எது சரி?

செகந்திராபாத்தின் மாரெட்பள்ளி, பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதி. இங்கே வேலைக்காக வந்து வாடகை ஃபிளாட்டில் குடியேறும் பலருக்கும் ஒரு சின்ன உறுத்தல் இருக்கும். ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ், சிம்னி எல்லாம் ஸ்டீல் நிறத்தில் மின்னும். கிச்சன் டிராயர்கள் மட்டும் பழைய பழுப்பு மைக்காவில் இருக்கும்.

கிச்சன் முழுவதையும் மாற்றத் தேவையில்லை, டிராயரின் முன்பலகையை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் அவசரப்பட்டு ஒட்டினால் பலகை கெடும். காலி செய்யும்போது அட்வான்ஸிலும் கை வைப்பார்கள். என்னென்ன வழிகள் இருக்கின்றன? பார்ப்போம்.

முதலில் எதைச் சோதிக்க வேண்டும்?

சிங்க் அருகே உள்ள டிராயரைத் திறந்து, பலகையின் கீழ் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். உப்பலாக இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு ஒருமுறை ஊறினால் பழைய நிலைக்குத் திரும்பாது. அதன் மேல் எதை ஒட்டினாலும் வீண்தான்.

ஸ்டிக்கர் ஒட்டினால் நிற்குமா?

ஸ்டீல் கோடு அச்சிட்ட வினைல் ஷீட்தான் இருப்பதில் மலிவான வழி. வழவழப்பான பலகையில் நன்றாக ஒட்டும், சொரசொரப்பான மைக்காவில் சீக்கிரம் உரியும். ஒட்டும் முன் சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, முழுக்கக் காய விடுங்கள். மூலைகளில் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் ஷீட் வளைந்து படியும். கழற்றும்போதும் அதே சூடு உதவும். அடுப்புக்குப் பக்கத்து டிராயரில் மட்டும் வேண்டாம், வெப்பத்தில் ஓரம் சுருங்கிவிடும்.

மெட்டாலிக் பெயிண்ட்?

மைக்கா மேல் நேரடியாக அடித்தால் நகம் பட்டாலே உரியும். உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, மெல்லிய கோட்டுகளாக ஸ்ப்ரே செய்ய வேண்டும். பளபளப்பு வரும்; ஆனால் ஸ்டீலில் தெரியும் மெல்லிய கோடுகள் வராது. ஸ்ப்ரே அடிக்கும்போது கேஸை மூடிவிடுங்கள், ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், மாஸ்க்கும் போட்டுக்கோங்க.

மைக்காவில் ஸ்டீல் கிடைக்குமா?

கிடைக்கும், அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஸ்டீல் போல அச்சிட்டது. இன்னொன்று மேலே மெல்லிய அலுமினியத் தகடு பதித்தது. விலை கூடுதல், ஆனால் பார்வைக்கு அசலுக்கு நெருக்கமாக இருக்கும். 24 அங்குல நீளம், 8 அங்குல உயரம் என்றால் 6 டிராயருக்குத் தேவை 8 சதுர அடி. 8க்கு 4 அடி ஷீட் ஒன்று 32 சதுர அடி. அதில் கால்வாசியோடு வெட்டுச் சேதத்துக்குக் கொஞ்சம் சேர்த்தால் போதும்.

அசல் எவர்சில்வர் தகடு?

நீண்ட நாள் உழைக்கும். 304 கிரேடு கேளுங்கள். அதில் சுமார் 18% குரோமியமும் 8% நிக்கலும் இருக்கும்; துருவைத் தடுப்பது குரோமியம்தான். காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்து 304 என்று நம்ப வேண்டாம், விலை குறைந்த 202 கிரேடிலும் காந்தம் ஒட்டாது. கிரேடை பில்லில் எழுதி வாங்குவதே பாதுகாப்பு. 1 மி.மீ. தகடு என்றால் மேலே சொன்ன அளவு டிராயர் ஒவ்வொன்றிலும் சுமார் 1 கிலோ எடை ஏறும். பழைய சேனல் தாங்குமா என்று பாருங்கள். ஓரங்களை உள்பக்கம் மடித்துத் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் கையைக் கிழிக்கும்.

நிறம் பொருந்தவில்லையே?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ‘ஸ்டீல்’ ஃப்ரிட்ஜ் என்று நாம் வாங்குவதில் பல, ஸ்டீல் நிறம் பூசிய தகடுதான். அதனால் அசல் ஸ்டீலைப் பக்கத்தில் வைத்தாலும் நிறம் வேறுபடும். ராணிகஞ்ச் கடைகளில் மைக்கா வாங்கினாலும் சரி, வேறெங்கே வாங்கினாலும் சரி, சாம்பிள் துண்டை வீட்டுக்குக் கொண்டு வந்து பகல் வெளிச்சத்திலும் டியூப் லைட்டிலும் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறத்தைவிடக் கோடுகளின் திசை முக்கியம். ஃப்ரிட்ஜில் கோடு மேலிருந்து கீழாக ஓடினால் டிராயரிலும் அப்படியே ஓட வேண்டும். ஷீட்டை வெட்டும் முன்பே ஆசாரியிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

வாடகை வீட்டில் என்ன செய்வது?

பல டிராயர்களில் முன்பலகை உள்ளிருந்து ஸ்க்ரூ போட்டு மாட்டியதுதான். ஓனரிடம் சொல்லிவிட்டு அதைக் கழற்றி, எந்த டிராயருடையது என்று பின்னால் எண் எழுதிப் பத்திரமாக வையுங்கள். அதே அளவில், ஐஎஸ் 710 முத்திரை உள்ள தண்ணீர் தாங்கும் பிளைவுட்டில் புதுப் பலகை செய்து ஸ்டீல் மைக்கா ஒட்டி மாட்டுங்கள். காலி செய்யும் நாளில் பழையதை மாட்டிவிட்டுப் புதியதை எடுத்துச் செல்லலாம். டிராயர் பெட்டியும் முன்பலகையும் ஒரே பலகையாக இருந்தால் ஸ்டிக்கரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு எப்படி?

கம்பி நாரும் பிளீச்சும் கூடாது. பிளீச்சில் உள்ள குளோரின் ஸ்டீலிலும் புள்ளி விழ வைக்கும். ஈரத்துணியால் கோடுகளின் திசையிலேயே துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் கைரேகையும் தண்ணீர்த் தடமும் தங்காது.