தரவுப் போக்குவரத்துக் கண்காணிப்பின் வரலாறு

1956 நவம்பர் 23 அதிகாலையில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளம் ரயில் பாலத்தைப் பலவீனப்படுத்தியது. அதன் மீது வந்த தூத்துக்குடி விரைவு ரயில் ஆற்றில் கவிழ்ந்து 140க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். ஒரு பாதை எவ்வளவு தாங்கும், வழக்கத்திற்கு மாறான வரத்தை யார் முதலில் கவனிப்பது ஆகிய இரண்டு கேள்விகளை அந்த விபத்து எழுப்பியது. இன்றைய கணினி வலையமைப்புகளின் மேலாண்மையும் இதே இரண்டு கேள்விகளின் மேல்தான் நிற்கிறது.

தொலைபேசிக் காலம்

முதல் கேள்விக்குக் கணித விடை கண்டவர் டென்மார்க்கின் ஏ. கே. எர்லாங். கோபன்கேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய இவர், 1909லும் 1917லும் வெளியிட்ட கட்டுரைகளில், மிகுந்த நெரிசலான நேரத்திலும் மிகச் சில அழைப்புகளே இணைப்புக் கிடைக்காமல் போக எத்தனை தடங்கள் தேவை எனக் கணக்கிட வழி காட்டினார். தொலைபேசிப் போக்குவரத்தின் அலகு இன்றும் 'எர்லாங்' என்றே வழங்குகிறது. டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த தலைமுறைக்குத் தடங்களின் பற்றாக்குறை நன்கு தெரியும்.

கணினிக் காலம்

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. வலையமைப்பின் சுமையைப் படமாக வரைந்து காட்டும் எம்.ஆர்.டி.ஜி. என்னும் மென்பொருளை டோபியாஸ் ஓட்டிக்கர் வெளியிட்டதும் 1995இல்தான். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை எவ்வளவு தரவு கடந்தது எனக் குறித்து வைக்கும் எளிய முறை அது. வழக்கமான நாளின் வரைகோடு கையில் இருந்தால்தான் வழக்கம் மீறிய நாளை அடையாளம் காண முடியும்.

இரண்டாம் கேள்வி அதற்கு முன்பே எழுந்திருந்தது. 1986இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. அதை அலட்சியப்படுத்தாத கிளிஃபோர்ட் ஸ்டோல், உள்வரும் இணைப்புகளில் அச்சுப்பொறிகளைப் பொருத்திப் பதிவெடுத்தார். அந்தத் தடம் மேற்கு ஜெர்மனியிலிருந்து ஊடுருவிய ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1987இல் டோரத்தி டென்னிங், பயனரின் இயல்பான நடத்தையை முதலில் வரையறுத்து, அதிலிருந்து விலகுவதைக் கண்டறியும் மாதிரியை வெளியிட்டார்.

வெள்ளமும் கசிவும்

வழக்கமற்ற போக்குவரத்து இரு வகைப்படும். ஒன்று வெள்ளம் போன்றது. 2003 ஜனவரி 25 அன்று பரவிய ஸ்லாமர் புழு, தொடக்கத்தில் சுமார் எட்டரை நொடிக்கு ஒருமுறை இரட்டித்து உலகெங்கும் இணைப்புகளை அடைத்தது. இத்தகைய பெருக்கு யார் கண்ணுக்கும் தப்பாது.

ஆனால் பெருக்கெல்லாம் தாக்குதல் அன்று. பிளஸ் டூ முடிவு வெளியாகும் காலையில் லட்சக்கணக்கான குடும்பங்கள் ஒரே நேரத்தில் இணையதளத்தைத் திறப்பதை ஆசிரியர்கள் அறிவர். அதன் நாளும் நேரமும் முன்பே தெரியும். வருவோர் தம் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு விலகிவிடுவர். அதற்கு வேண்டியது கூடுதல் கொள்திறன், தடை அன்று.

மற்றொன்று கசிவு போன்றது. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் நுழைந்திருந்தது. இதைச் செப்டம்பர் 4 அன்று கவனித்துத் தெரிவித்தது செர்ட்-இன் என்னும் மத்திய அரசு அமைப்பு. உலைகளை இயக்கும் வலையமைப்பு தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் பாதிப்பில்லை என இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று விளக்கியது. அதற்கு முந்தைய நாள் நிலையத்தின் தரப்பில் மறுப்பே வெளியாகியிருந்தது. தரவைத் திருடும் இத்தகைய நிரல்கள் இணைப்பை அடைப்பதில்லை. எனவே அளவை மட்டும் பார்ப்பவர் கண்ணில் படுவதில்லை. எந்தக் கணினி, எந்நேரத்தில், யாருடன் பேசுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இரு மாவட்டங்களின் இன்றைய நிலை

பாரத்நெட் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை வடம் கொண்டு செல்லும் பணியைத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்புக் கழகம் மேற்கொண்டுள்ளது. பெரம்பலூரின் 121 ஊராட்சிகளும் அரியலூரின் 201 ஊராட்சிகளும் இதில் அடங்கும். பட்டா, சான்றிதழ், ஓய்வூதியம் என ஊர் மக்களின் விவரங்கள் இனி இவ்வழியே செல்லும்.

செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணைப்படி, இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை ஆறு மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பதிவேட்டைச் சேமிப்பதோடு கடமை முடிவதில்லை. அதை நாள்தோறும் படிக்கவும் ஒருவர் வேண்டும். ஸ்டோல் கண்டதும் 75 சென்ட் வேறுபாட்டைத்தான். மருதையாற்றங்கரை மக்களுக்கு இப்பாடம் புதிதன்று: பாலத்தைக் கட்டியபின், நீர் ஏறுவதைப் பார்த்துச் சொல்லவும் ஆள் இருக்க வேண்டும்.